தியேட்டருக்கு முந்தைய இரவு

1989 ஜனவரியில் மலேசியப் பிரதமருக்கு மாரடைப்பு வந்தது. மகாதீர் முகமதுக்கு அப்போது 63 வயது. அரசியலுக்கு வருமுன் டாக்டராகத் தொழில் பார்த்தவர் என்பதால், தன் நெஞ்சுக்குள் நடப்பது என்ன என்பதை யாரும் அவருக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பைபாஸ் செய்தாக வேண்டும் என்று முடிவானதும், எங்கே செய்துகொள்வது என்ற கேள்வி வந்தது. அவருக்கு முன் பிரதமராக இருந்த ஹுசேன் ஓன் 1981-இல் இதே அறுவைக்காக லண்டன் போய்த் திரும்பி, அதே ஆண்டில் உடல்நிலை காரணமாகப் பதவியை விட்டிருந்தார். பதவியும் பணமும் உள்ளவர்கள் நெஞ்சைத் திறக்க வெளிநாடு போவது அன்றைய வழக்கம். மகாதீர் போகவில்லை. ஜனவரி 24-ஆம் தேதி, கோலாலம்பூர் பொது மருத்துவமனையில், டாக்டர் யஹ்யா அவாங் தலைமையிலான உள்நாட்டுக் குழு அவருக்கு அறுவை செய்தது.

அவர் பிழைத்தார், மீண்டும் நாட்டை ஆண்டார். 2007-இல், 82 வயதில், இரண்டாவது பைபாஸும் செய்துகொண்டார். இடையில் 1992-இல் கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம், ஊர்வழக்கில் ஐ.ஜே.என்., தொடங்கப்பட்டது. மருத்துவ வரலாற்றில் இவை சிறிய வரிகளாகத்தான் இருக்கும். ஆனால் பைபாஸ் என்ற சொல்லைக் கேட்டாலே வெலவெலத்துப்போன குடும்பங்களுக்கு அந்த ஜனவரி பெரிய செய்தி. "பிரதமரே இங்கதான் செஞ்சுக்கிட்டாரு" என்ற ஒரு வாக்கியம், பயந்து கிடக்கும் அப்பாவைச் சம்மதிக்க வைக்கப் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் ஆயுதம்.

மலைமேல் இருப்பவர்களுக்கு அந்த ஆயுதம் இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது.

தானா ராத்தா, கேமரன் மலையில் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். 1885-இல் வில்லியம் கேமரன் அளக்கப் போன மலை இது. தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை 1931-இல்தான் முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். காட்டை அழித்து, சரிவில் செடி நட்டு, கொழுந்து பறித்த கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இது வெயிலிலிருந்து தப்பி வந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும் மலை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்கோ, உடம்பு கெட்டால் இறங்கிப் போக வேண்டிய மலை.

லயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு மனிதர் இருந்தார். மலாயாத் தோட்டங்களில் அவருக்குப் பெயர் டிரஸர். தொழிலாளர் சட்டப்படி தோட்ட நிர்வாகம் மருத்துவ வசதி செய்து தர வேண்டியிருந்தது. டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார், டிரஸர் அன்றாடம் இருப்பார். புண்ணைக் கழுவிக் கட்டுவது, காய்ச்சலுக்கு மருந்து கலக்கித் தருவது, வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவது எல்லாம் அவர் கையில். இந்த வேலையில் கேரளத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தவர்கள் பலர். 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே மலேசியாவில் ஒரு சட்டம் வந்தது என்றால், அந்தப் பதவி எவ்வளவு வேரூன்றியிருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

டிரஸரின் இன்னொரு வேலை எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவரிடம் போய், அங்கே என்ன செய்வார்கள் என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்வது அது. தோட்டத்து ஆட்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயந்ததை அறியாமை என்று எழுதிவைப்பது எளிது. அது நியாயமில்லை. முற்றிய பிறகே கீழே அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை, அதைக் கண்ணால் பார்த்தவர்களின் பயம் அது. அனுபவத்திலிருந்து வந்த பயத்தை அனுபவம்தான் மாற்ற முடியும். போனவர் ஒருவர் திரும்பி வந்து லயத்து வாசலில் உட்கார்ந்து பேச வேண்டும்.

திறந்த இதய அறுவையின் முதல் ஆண்டுகளில், உலகின் எந்த ஊரிலும் அப்படித் திரும்பி வந்து பேச ஆள் அதிகம் இல்லை. 1952 செப்டம்பரில் மினியாபொலிஸில் ஜான் லூயிஸ், ஐந்து வயதுச் சிறுமியின் உடலைக் குளிரவைத்து, இதயத்தைத் திறந்து ஓட்டையை அடைத்தார். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து உருவாக்கிய இதய நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு 18 வயதுப் பெண் ஒருவரைக் காப்பாற்றினார். அதன் பிறகு அவரிடம் வந்த நோயாளிகள் இறந்தார்கள். மனமுடைந்த கிப்பன் இந்த அறுவையையே விட்டுவிட்டார்.

அதற்கடுத்த கட்டத்தை இன்று படித்தாலும் வயிறு கலங்கும். 1954-இல் வால்ட்டன் லில்லிஹை, இயந்திரத்துக்குப் பதிலாகப் பெற்றோரையே பயன்படுத்தினார். குழந்தை ஒரு மேஜையில், தந்தையோ தாயோ பக்கத்து மேஜையில். இருவரின் இரத்தக் குழாய்களையும் இணைத்து, குழந்தையின் இதயம் திறந்திருக்கும் நேரம் முழுக்கப் பெரியவரின் இதயமும் நுரையீரலும் இரண்டு உயிருக்கும் சேர்த்து வேலை செய்தன. இப்படி 45 பேருக்குச் செய்ததில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மேயோ கிளினிக்கில் ஜான் கிர்க்லின் 1955-இல் இயந்திரத்தைக் கொண்டு செய்த முதல் எட்டுப் பேரில் நான்கு பேர் பிழைத்தார்கள். பாதிக்குப் பாதி. அன்று அறுவைக்கு முந்தின இரவு தூக்கம் வராமல் கிடந்தவரிடம், பயப்பட ஒன்றுமில்லை என்று எந்த டாக்டரும் மனசாட்சியோடு சொல்லியிருக்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கலை வேலூர் வழியாக வந்தது. 1949-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெஞ்சக அறுவைக்குத் தனித் துறை தொடங்கினார். இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை 1962-இல் அங்கே டாக்டர் என். கோபிநாத் செய்தது என்று குறிப்பிடுவார்கள். பைபாஸ் வருவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின. கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ 1967-இல் காலிலிருந்து எடுத்த சிரையை வைத்துச் செய்துகாட்டிய அந்த அறுவையை, 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்தார். இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் பைபாஸ் அது. பணக்காரர்களின் நர்சிங் ஹோம் எதிலும் நடக்காமல், ரயில்வே தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் என்று கட்டிய மருத்துவமனையில் அது நடந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பெரம்பூரிலிருந்து அரக்கோணம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால், ஆவடி தாண்டிச் சற்று நேரத்தில் திருநின்றவூர். அங்கே இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. பெரிய புராணம் சொல்லும் பூசலார் நாயனார் இந்த ஊர்க்காரர். கோயில் கட்டக் கையில் பொருள் இல்லாமல், மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சரை அழைத்து, சிகரம் வைத்து, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு வைத்திருந்தார்கள். இறைவன் மன்னன் கனவில் வந்து, "நாளை நாம் பூசலார் கோயிலுக்குப் போகிறோம், நீ வேறு நாள் பார்த்துக்கொள்" என்ற பொருளில் சொன்னார். நெஞ்சுக்குள் கோயில் கட்டியவரின் ஊர் என்பதால், இதய நோயாளிகள் வந்து வேண்டிக்கொள்ளும் தலமாக அது ஆகிவிட்டது. ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு, இங்கே தாங்கள் மட்டுமே நோயாளி இல்லை என்பது கண்ணில் படும். இதய மருத்துவர்களும் வந்து கும்பிட்டுப் போகும் கோயில் அது.

தானா ராத்தாவின் தமிழர்களுக்குத் திருநின்றவூர் எட்டாத தூரம். அவர்களுக்கு முருகன் இருக்கிறான். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி, கீழே இறங்கினால் பத்துமலை. 1890-களிலிருந்து பத்துமலையில் தைப்பூசம் நடக்கிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் காவடி எடுக்கிறேன், பால்குடம் சுமக்கிறேன் என்று நேர்ந்துகொள்வது மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் சகஜம். இதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. நேர்த்திக்கடன் என்பது அறுவைக்கு அப்பால் உள்ள ஒரு தேதி. அடுத்த தைப்பூசத்தில் தான் இருப்போம் என்று வேண்டிக்கொள்பவர் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறார். கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. அறுவையில் பிளந்த நடுநெஞ்சு எலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அதற்குள் பாரம் தூக்கக் கூடாது. அறுவைக்குப் பின் உடனே வரும் தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டவர், டாக்டரிடம் கேட்டு அதை மறு ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே சரி. முருகன் காத்திருப்பான்.

அறுவைக்கு முந்தைய பயத்தைத் தணிக்க மருத்துவம் என்ன செய்தது என்பது தனிக் கதை. சுசுருத சங்கிதை, கத்தி வைப்பதற்கு முன் நோயாளிக்கு விருப்பமான உணவைக் கொடுக்கச் சொல்கிறது, குடிப்பழக்கம் உள்ளவருக்குக் காரமான மதுவும் தரச் சொல்கிறது. வாய், வயிறு போன்ற சில அறுவைகளுக்கு மட்டும் வெறும் வயிறு. மயக்க மருந்து இல்லாத காலத்து அக்கறை அது. 1846 அக்டோபரில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதர் கொடுத்து வலியின்றி அறுவை செய்துகாட்டிய பின், கத்தி வைக்கும் நேரத்து வலி ஒரு பிரச்சினையாக இல்லாமல் போனது, ஆனால் பயம் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டு அதற்கு ஊசியில் பதில் தேடியது. தியேட்டருக்குக் கொண்டுபோகுமுன் மார்ஃபின், முந்தின இரவு தூக்க மாத்திரை.

அதே மாசசூசெட்ஸ் மருத்துவமனையில், 1960-களின் தொடக்கத்தில், லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்கவியல் மருத்துவர் எளிமையான ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். மருந்து கொடுத்தால் நோயாளி அமைதியாகிறாரா, அல்லது மயக்க மருத்துவர் முந்தின நாள் போய் உட்கார்ந்து பேசினால் அமைதியாகிறாரா? 1963-இல் வெளியான முடிவு, தூக்க மருந்து வாங்கியவர்கள் அரைத்தூக்கத்தில் இருந்தார்கள், பயமும் கூடவே இருந்தது என்றது. டாக்டர் வந்து பேசிவிட்டுப் போனவர்கள் அமைதியாக இருந்தார்கள். மறு ஆண்டு, வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரிடம் இன்னொரு சோதனை. ஒரு பகுதியினருக்கு மட்டும், அறுவைக்குப் பின் எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், எப்படித் திரும்பிப் படுத்தால் குறையும் என்று விளக்கினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து மற்றவர்களுக்கு ஆனதில் ஏறத்தாழப் பாதிதான், வீட்டுக்கும் சராசரியாக 2.7 நாள் முன்னதாகப் போனார்கள்.

இதைவிடத் தைரியம் தரக்கூடிய ஒன்று அந்த ஊரிலேயே இன்னும் முன்பு தொடங்கியிருந்தது. டுவைட் ஹார்க்கன் என்ற இதய அறுவை மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுப் பிழைத்த நான்கு பேர் 1951-இல் ஒன்றுசேர்ந்து, இனி அறுவைக்குப் போகப்போகிறவர்களைப் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள். 'மெண்டட் ஹார்ட்ஸ்' என்ற அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது. படுக்கை அருகே வந்து நிற்பவர் டாக்டரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. தானே அந்த மேஜையில் படுத்து எழுந்தவர். லயத்து வாசலில் உட்கார்ந்து பேசியவரின் வேலையை ஓர் அமைப்பே எடுத்துச் செய்தது.

தானா ராத்தாவில் இந்த வேலைக்கு யார் இருக்கிறார்கள்? ஊரில் சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது, ஆனால் மாவட்ட மருத்துவமனையில் நெஞ்சைத் திறப்பதில்லை, அதற்குக் கீழே போயாக வேண்டும். தோட்டங்களில் இன்று வேலை செய்பவர்களில் வங்காளதேசிகளும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் நிறைய. பழைய தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பட்டணம் போய்விட்டார்கள், பெரியவர்கள் மலையில் இருக்கிறார்கள். டிரஸர் பேசிய இடத்தில் இப்போது மகனோ மகளோ நின்று மொழிபெயர்க்கிறார். டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஐந்து நிமிடம் சொல்வதை, "ஒண்ணுமில்லப்பா, சின்ன ஆபரேஷன்தான்" என்று பிள்ளை சுருக்கிவிடும். பாசத்தில் செய்வதுதான். ஆனால் எக்பர்ட்டின் 97 பேரும் காட்டுவது இதற்கு நேர் எதிரானது. சின்ன ஆபரேஷன் என்று நம்பிப் போனவர், தொண்டையில் குழாயோடு கண்விழிக்கும்போது ஏமாற்றப்பட்டதாகத்தான் உணர்வார்.

அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது மேல். பெரும்பாலான பைபாஸில் இதயத்தைச் சிறிது நேரம் நிறுத்துவார்கள், அதன் வேலையை இயந்திரம் பார்க்கும், முடிந்ததும் இதயம் மீண்டும் துடிக்கும். நெஞ்சில்தானே ஆபரேஷன், காலில் ஏன் வெட்டு என்று பின்னால் திகைக்க வேண்டாம், மாற்றுக் குழாயாக வைக்கும் சிரை பெரும்பாலும் காலிலிருந்துதான் வருகிறது. கண்விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருப்பதால் பேச்சு வராது, மூச்சு இயந்திரத்திலிருந்து விடுவித்ததும் அதை எடுத்துவிடுவார்கள். நெஞ்சிலிருந்து இரண்டு மூன்று வடிகுழாய்கள் வெளியே வரும். இரவு பகல் தெரியாத விளக்கு, நிற்காத இயந்திரச் சத்தம். 1965-இல் நியூயார்க்கில் டொனால்ட் கோர்ன்ஃபெல்டும் அவர் சகாக்களும், இதய அறுவை முடிந்த பலருக்குச் சில நாளில் குழப்பமும் மாயத்தோற்றங்களும் வருவதைக் கவனித்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் தூக்கமின்மையும் ஓயாத சத்தமும் அதற்கு ஒரு காரணம் என்று எழுதினார்கள். அப்படி வந்தால் அது பைத்தியம் இல்லை, தெளிந்துவிடும் என்று குடும்பத்துக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. இன்றைய நல்ல மையங்களில், திட்டமிட்டுச் செய்யும் பைபாஸில் உயிரிழப்பு நூற்றுக்கு ஒன்று இரண்டு என்ற அளவுக்கு வந்திருக்கிறது. கிர்க்லினின் எட்டில் நாலு எங்கே, இது எங்கே.

முந்தின நாள் வார்டில் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுப்பார்கள். மூன்று அறை, அறைக்கு ஒரு பந்து, பக்கத்தில் ஒரு குழாய். கருவியைப் பார்த்ததும் எல்லோரும் ஊதத்தான் பார்ப்பார்கள். பந்து அசையாது. மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும், முதல் பந்து எழும், பிறகு இரண்டாவது. மூன்றும் மேலே போய் ஒரு கணம் நின்றால் நுரையீரல் நன்றாக விரிகிறது என்று அர்த்தம். அறுவைக்குப் பின் சளி கட்டி நிமோனியா வராமலிருக்க இதே பயிற்சிதான், அன்றைக்கு வலியோடு புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது என்பதால் முன்பே பழக்குகிறார்கள். ராத்திரி தூக்கம் வராதவருக்கு இதனால் இன்னொரு லாபமும் உண்டு. கைக்கு ஒரு வேலை இருக்கிறது, மூச்சு தானாக ஆழமாகிறது.

பெண்களுக்கு வேறொரு கலக்கம். தியேட்டருக்குள் நகை எதுவும் கூடாது. உலோகம் இருந்தால் மின்கருவியால் தோல் வெந்துபோகக் கூடும், தவிர நெஞ்சும் கழுத்தும் முழுவதும் மருந்தால் துடைக்கப்பட வேண்டிய இடம். மூக்குத்தியைக் கழற்ற மனம் ஒப்பும், தாலியைக் கழற்றச் சொன்னால் கை நடுங்கும். நாற்பது வருஷம் கழுத்தை விட்டு இறங்காதது, உயிர் போகுமோ என்று அஞ்சும் நாளில் இறங்க வேண்டுமா? இதற்குத் தமிழ்க் குடும்பங்கள் கண்டுபிடித்த வழி அழகானது. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து, கணவர் கையாலேயே மணிக்கட்டில் கட்டிவிடுகிறார்கள், பொன் தாலி உறையில் போட்டுப் பத்திரமாக அவரிடமே போகிறது. ஊசி ஏற்றும் கையாக இல்லாமல் மற்றக் கையில் கட்டட்டுமா என்று நர்ஸிடம் முதலில் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் சிக்கல் வராது. அதுவும் ஆகாது என்றால், தியேட்டருக்குப் போகும்வரையாவது படுக்கையில் தலைமாட்டில் இருக்கட்டும். அஷ்டமி, நவமி, ராகு காலம் பார்த்துத் தேதி கேட்பவர்களையும் கடிந்துகொள்ளத் தேவையில்லை. அவசரமில்லாத அறுவையை இரண்டு நாள் தள்ளுவதால் ஒருவர் நிம்மதியாகப் படுப்பார் என்றால், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. நெஞ்சுவலி நிற்காதவர் மட்டும் எந்த நாளும் பார்க்கக் கூடாது.

சாயந்திரம் மயக்க மருத்துவர் வருவார். பல் ஆடுகிறதா, முன்பு மயக்க மருந்து ஒத்துக்கொண்டதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதற்கு ஏற்ற ஆள் அவர்தான். தோட்டத்தில் வளர்ந்த ஆண்கள் பலர் அங்கே, "அதெல்லாம் இல்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு, விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடப்பார்கள். சொன்னால் மாத்திரை தருவார், இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசவும் செய்வார். தமிழ் தெரிந்த நர்ஸ் இருந்தால் கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாம், பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டும் கேட்கலாம். பிள்ளை முன்னால் கேட்க முடியாத கேள்விகள் இருக்கும். அன்றிரவு அதே வார்டில், அறுவை முடிந்து ஐந்தாறு நாள் ஆனவர் யாராவது காரிடாரில் நடந்துகொண்டிருப்பார். எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று தொடங்கினால் போதும், மீதியை அவரே சொல்லிவிடுவார். சட்டையை விலக்கித் தையலைக் காட்டுவார். இருமும்போது தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று செய்தும் காட்டுவார்.

வீடு திரும்பும் வழியையும் முன்பே பேசிவைப்பது தானா ராத்தாக்காரர்களுக்கு மட்டும் உள்ள தேவை. தாப்பா சாலை வளைவுக்கு மேல் வளைவு. நல்ல உடம்புக்காரருக்கே குமட்டும், புதிதாகக் கட்டிய நெஞ்செலும்போடு வாந்தி எடுப்பது கொடுமை. சிம்பாங் பூலாய் வழி அகலமானது, வளைவுகளும் அவ்வளவு நெருக்கமில்லை, ஈப்போவைச் சுற்றிப் போனாலும் பரவாயில்லை என்று அதையே தேர்ந்தெடுக்கலாம். பின்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை, மணிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்திக் கால் நீட்டி நடக்க வைப்பது. ஓட்டுபவர் யார் என்பதையும் முந்தின வாரமே முடிவு செய்துவிட வேண்டும்.